முத்திரை விழாத கடிதம்

சூஸ் நகரத்துக் கடற்கரை ஹோட்டலில் நடந்த அந்த மாநாட்டின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். "தொழில் நிறுவனங்களும் அவசரகாலத் தயார்நிலையும்: மூன்றாவது ஆண்டு மாநாடு." வாசல் வளைவில் சிறப்புப் பேச்சாளர்கள் மூன்று பேரின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். முதல் படம் பாரிஸிலிருந்து வந்த நிபுணர். தீ விபத்துகளைப் பற்றி ஏழு புத்தகம் எழுதியவராம்; ஒரு தீயையாவது கிட்டப் போய்ப் பார்த்தாரா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்தது ஆடைத் தொழிற்சாலை முதலாளி ரவூஃப். மூன்றாவது வஸீலா.

நிபுணரின் பெயருக்குக் கீழே "முனைவர்" என்று இருந்தது. முதலாளிக்குத் "தொழிலதிபர்". வஸீலாவுக்கு "உயிர் பிழைத்தவர்". பத்தொன்பது வருஷம் அதே முதலாளியின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள் என்று போட அவர்களுக்கு இடம் பற்றவில்லை போலும். நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனுஷிக்கு உயிர் பிழைத்ததே உத்தியோகம் ஆகிவிட்டது, என்ன செய்ய!

வஸீலா தனியாக வரவில்லை. மன்னூபியாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கறுப்பு முக்காடும் தேய்ந்த செருப்புமாக இருந்த அவளைப் பார்த்து வாசலில் நின்ற பெண், "இவங்க பேரு பட்டியல்ல இல்லையே" என்றாள்.

"என்கூட வந்தவங்க. இவங்க உள்ள வரலேன்னா நானும் வரல. அப்புறம் அந்த மூணாவது படத்தை நீங்களே கிழிச்சுக்கங்க" என்றாள் வஸீலா. அந்தப் பெண் வழி விட்டாள். மன்னூபியா போய்க் கடைசி வரிசையில், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மன்னூபியா யார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தொழிற்சாலையின் காவலாளி தாஹரின் மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இஸ்திரிப் பகுதியில் பிடித்த தீயில், பின்வாசலுக்கு உள்பக்கம் நான்கு தையல்காரப் பெண்கள் செத்தார்கள். அவர்களோடு தாஹரும் செத்தார். பின்வாசலில் சங்கிலியும் பூட்டும் தொங்கின. விசாரணை அறிக்கை ஒரே வரியில் காரியத்தை முடித்தது: காவலாளி கதவை உரிய நேரத்தில் திறக்கத் தவறினார்.

அந்த ஒரு வரி போதாதா எங்கள் ஊருக்கு? ரொட்டிக் கடை வரிசையில் மன்னூபியா நின்றால் முன்னால் இருப்பவள் ஒரு அடி தள்ளி நிற்பாள். "நாலு பொண்ணுங்கள எரிச்சவன் பொண்டாட்டி" என்று காதில் விழுகிற மாதிரியே சொல்வார்கள். போன கோடையில் மகளுக்குக் கல்யாணம் வைத்தாள். நானூறு பேருக்குக் கூஸ்கூஸ் சோறு ஆக்கி வைத்து, வந்தது பதினோரு பேர். மிச்சத்தை மூன்று நாள் ஆடுகளுக்குப் போட்டாள். அந்தப் பதினோரு பேரில் வஸீலாவும் ஒருத்தி. மன்னூபியாவின் வீட்டுப் படியேறுகிற ஒரே மனுஷி அவள்தான்.

மாநாட்டு ஏற்பாட்டாளர் லீலியா மூன்று தடவை கூப்பிட்டும் வஸீலா மாட்டேன் என்றவள். நான்காவது தடவை, முதலாளியும் அதே மேடையில் பேசுகிறார் என்று தெரிந்ததும் சரி என்றாள். வந்திருக்கும் முந்நூறு பெரிய மனிதர்கள் முன்னால், முதலாளியின் மூஞ்சிக்கு நேரே, மன்னூபியாவின் காது கேட்க, தாஹர் சாச்சா குற்றவாளி இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? இல்லை. இன்னொன்றும் இருந்தது. 

தீப்பிடித்ததிலிருந்து வஸீலாவுக்கு ஒரு பழக்கம். எந்த அறைக்குள் போனாலும் முதலில் வாசல்களை எண்ணுவாள். கல்யாண வீட்டிலும் எண்ணுவாள், பல் டாக்டரிடம் போனாலும் எண்ணுவாள். அன்றைக்கும் மண்டபத்துக்குள் போனதும் எண்ணினாள். பின்பக்கம் வந்த வழி ஒன்று. இடது பக்கம் பச்சை விளக்கு எரிகிற அவசர வழி ஒன்று. அந்த விளக்குக்குக் கீழே கதவைக் காணோம். மாநாட்டுக்கு ஆதரவு கொடுத்த காப்பீட்டு நிறுவனத்தின் பேனர் ஆளுயரத்துக்கு நின்றது. "எங்களோடு இருங்கள், பத்திரமாக இருங்கள்" என்று அதில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. பேனரை விலக்கி எட்டிப் பார்த்தாள். இரட்டைக் கதவு. கைப்பிடிகளைச் சேர்த்துக் கட்டிய சங்கிலி. பூட்டு.



நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த ஹோட்டல் ஊழியனைக் கூப்பிட்டாள். மீசையில் நரை தட்டிய ஆள். சட்டையில் ஹம்தி என்று பெயர் குத்தியிருந்தது.

"தம்பி, இந்தக் கதவுச் சாவி எங்க?"

"எந்தக் கதவு அக்கா?"

"பேனருக்குப் பின்னாடி சங்கிலி போட்டு வச்சிருக்கீங்களே, அது."

"ஓ, அதுவா! அது கடற்கரைப் பக்கம் தொறக்குறது. கல்யாணத்துக்கு மண்டபம் விட்டா கூப்பிடாதவனெல்லாம் அது வழியாப் பூந்து மூக்கு முட்டத் தின்னுட்டுப் போயிடறான். அதான் பூட்டியாச்சு."

"சாவி யார்கிட்ட?"

"பாதுகாப்பு மேனேஜர்கிட்ட."

"அவர் எங்க?"

"இன்னிக்கு லீவுல போயிருக்கார்."

"தீயணைப்புத் துறை பார்க்க வந்தா?"

"அன்னிக்குக் கழட்டி வச்சிருவோம்ல!" என்று சொல்லி ஹம்தி சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "நான் ரெண்டு வாட்டி சொல்லிட்டேன் அக்கா, வேணாம்னு. வாயால சொன்னா யார் கேக்கறா?"

வஸீலா நேரே லீலியாவிடம் போனாள். லீலியா ஒரு காதில் போனும் மறு காதில் பேனாவுமாக ஓடிக்கொண்டிருந்தாள். "ஐயோ, கண்டிப்பா சொல்றேன் மதாம் வஸீலா! நீங்க எதுக்கும் டென்ஷன் ஆகாதீங்க. உங்க பேப்பர்ல ரெண்டே ரெண்டு திருத்தம் பண்ணிருக்கேன். பேர் எதுவும் வேணாம், வக்கீல் பார்த்துட்டுச் சொன்னார். கடைசியில நம்பிக்கையா முடிங்க. பன்னெண்டு நிமிஷம். சரியா செல்லம்?" என்று சொல்லி ஒரு தாளைக் கையில் திணித்துவிட்டுப் போயே போய்விட்டாள். கதவு பூட்டியபடியே இருந்தது.

நிபுணர் முதலில் பேசினார். என்ன பேசினாரோ. வட்டம் வட்டமாகப் படம் காட்டினார், எல்லாரும் தலையாட்டினார்கள். வஸீலாவின் கண் அந்தப் பேனரை விட்டு நகரவில்லை.

பிறகு முதலாளி ரவூஃப் ஏறினார். மனுஷன் இளைத்திருந்தார், அது அவருக்கு நன்றாகவே பொருந்தியிருந்தது. "என் நாலு மகள்கள்" என்று ஆரம்பித்து, அந்த நாலு பேரின் பெயரையும் தாளைப் பார்த்துப் படித்தார். மகள்களின் பெயரைத் தாளைப் பார்த்துப் படிக்கிற அப்பனை அன்றைக்குத்தான் வஸீலா பார்த்தாள். புதுத் தொழிற்சாலையின் படம் திரையில் வந்தது. அதற்கப்புறம் பெரிய எழுத்தில், "முதல் பாடம்: கடைசி ஊழியருக்கும் பயிற்சி."

"எங்க காவலாளி நல்ல மனுஷர்தான். செத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன்" என்றார். குரல் தழுதழுத்தது. "ஆனா பதறிட்டார். பாவம், படிப்பில்லாதவர். அந்த நேரத்துல சாவியை எங்க தேடணும்னு தெரியல. ஒரு மனுஷனோட ஒரு நிமிஷப் பதற்றம், அஞ்சு உயிர். பயிற்சி கொடுங்க நண்பர்களே. கடைசி ஆள் வரைக்கும் கொடுங்க."

முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வஸீலா திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். மன்னூபியா மடியில் கை வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடப் பாவி! சாவி எங்கே இருந்தது என்று அந்தத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும். முதலாளியின் மேசை டிராயரில், சிகரெட் பெட்டிக்குப் பக்கத்தில். துணி களவு போகிறது, பெண்கள் போன் பேச நழுவுகிறார்கள் என்று சங்கிலி போட்டவர் அவர். ஆய்வாளர் வருகிற அன்று மட்டும் சாவி கீழே இறங்கும்; போட்டோ எடுத்ததும் மறுபடி மேலே ஏறிவிடும். வருஷா வருஷம் தீ ஒத்திகையும் உண்டு. முதல் நாளே நேரம் சொல்லி, முன்வாசல் வழியாக வரிசையில் வெளியே போய், கையெழுத்துப் போட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டு உள்ளே வர வேண்டியது.

தாஹர் ஒருநாள் வஸீலாவின் மேசைக்கு வந்தார். "மகளே, எனக்கு எழுத வராது. நான் சொல்றேன், நீ எழுது" என்றார். அவள் எழுதினாள். கீழே பெருவிரல் ரேகை வைத்தார். ஆபீசுக்குள் வருகிற எந்தக் காகிதமானாலும் தேதி முத்திரை குத்தி, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதுதான் வஸீலாவின் வேலை. எங்கள் நாட்டில் எண் விழாத காகிதம் காகிதமே இல்லை. அவள் முத்திரையைக் கையில் எடுத்தும் விட்டாள். அந்த நேரம் பார்த்து முதலாளி அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். "காவலாளி எழுதினதுக்கெல்லாம் நம்பரா? நம்ம வீட்டுக்குள்ள பேசிக்கறதுதானே. என் மேசையில வச்சிடு" என்றார். அவள் முத்திரையை டிராயரில் போட்டாள். கடிதத்தை அவர் மேசையில் வைத்தாள். அதற்கப்புறம் அந்தக் கடிதத்தை யாரும் பார்க்கவில்லை.

அதிலிருந்து பதினேழாம் நாள் தீப்பிடித்தது. முதலாளி தலைநகரத்தில் இருந்தார், டிராயர் பூட்டியிருந்தது. வஸீலா வெளியே சுற்றி ஓடிப் பின்வாசல் சங்கிலியை இடது கையால் பிடித்து இழுத்தாள். கொதிக்கிற சங்கிலி. உள்ளங்கைத் தோல் அதோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் விசாரணை அதிகாரி கட்டிலருகே வந்து, "கடிதம் கொடுத்தார்னு சொல்றீங்க. எண் என்ன?" என்று கேட்டார். மறுபக்கம் முதலாளி உட்கார்ந்து அவளுக்காக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். வஸீலா அவர் விரல்களைப் பார்த்தாள். பயந்துவிட்டாள். "எனக்குச் சரியா ஞாபகம் இல்ல சார்" என்றாள். இதைத்தான் இரண்டு வருஷமாக மன்னூபியாவிடம் அவள் சொல்லவில்லை. அவள் வீட்டு ரொட்டியைப் பிட்டுத் தின்றபோதெல்லாம் தொண்டையில் நின்றது இதுதான்.

பெயரைக் கூப்பிட்டார்கள். வஸீலா மேடை ஏறினாள். லீலியா கொடுத்த தாளை நான்காக மடித்துத் தண்ணீர் பாட்டிலுக்குக் கீழே வைத்தாள்.

"என் பேரு வஸீலா. தபால் வாங்கி முத்திரை குத்தறது என் வேலை. பெருநாள் வாழ்த்து வந்தாலும் நம்பர் போடுவேன், பூச்சி மருந்து விளம்பரம் வந்தாலும் போடுவேன். பத்தொன்பது வருஷத்துல ஒரே ஒரு காகிதத்துக்குத்தான் போடல. அது தாஹர் சாச்சா கொடுத்தது. பின்வாசல் சாவி வேணும்னு கேட்டுக் கொடுத்தது."

முன்வரிசையில் லீலியா கையை ஆட்டினாள். வஸீலா பார்க்கவில்லை.

"முதலாளி வேணாம்னார். நான் போடல. அவர் சொன்னார், நான் கேட்டேன். முத்திரை என் கையில இருந்துச்சு, குத்தியிருக்கலாம். ஆஸ்பத்திரியில கேட்டாங்க, ஞாபகம் இல்லேன்னேன். நல்லா ஞாபகம் இருந்துச்சு. சாவியை எங்க தேடணும்னு அவருக்குத் தெரியலேன்னு இப்பச் சொன்னாங்க. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்னேன். அந்தப் பக்கத்துல இருந்து சாச்சா கத்தினது என் காதுல விழுந்துச்சு. 'மகளே, முதலாளி டிராயர், டிராயரை உடை'ன்னு கத்தினார். படி முழுக்கப் புகை, என்னால மேல ஏற முடியல. பதறினது அவர் இல்ல. அவர் பேரு தாஹர். அவர் அந்தப் பொண்ணுங்கள எரிக்கல. அவரோட பொண்டாட்டி அதோ கடைசி வரிசையில உட்கார்ந்திருக்காங்க."

 முந்நூறு தலைகள் திரும்பின. முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  சொல்லிவிட்டேன், கடைசியில் சொல்லிவிட்டேன் என்றிருந்தது வஸீலாவுக்கு. இறங்கி நேரே இடது பக்கம் நடந்தாள். பேனரைப் பிடித்து ஒரே இழுப்பு. சிரிக்கிற குடும்பம் குப்புற விழுந்தது. சங்கிலியும் பூட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன.

"இந்தக் கதவுச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள். தீய்ந்த கையால் சங்கிலியைப் பிடித்து உலுக்கினாள். "முந்நூறு பேர் இருக்கோம். யார்கிட்ட இருக்கு? சொல்லுங்க!"

 பாரிஸ் நிபுணர் எழுந்து நின்றார். கைதட்டினார். அவர் பின்னால் இரண்டாவது வரிசை எழுந்தது, மூன்றாவது எழுந்தது, மண்டபமே எழுந்து தட்டியது. "அடேயப்பா, என்ன ஐடியா!" என்றான் ஒருவன். "சங்கிலியெல்லாம் கொண்டாந்து மாட்டியிருக்காங்க பாரேன்!" என்று பக்கத்திலிருந்தவள் போனைத் தூக்கிப் படம் எடுத்தாள்.

"நான் மாட்டல!" என்று வஸீலா கத்தினாள். "இது நிஜப் பூட்டு! கேளுங்க!" ஒலிபெருக்கி மேடையிலேயே இருந்துவிட்டது. அவள் கத்தக் கத்தக் கைதட்டல் கூடியது.

லீலியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டு, "இதைவிட ஒரு செயல்முறை விளக்கம் வேணுமா நண்பர்களே? மதாம் வஸீலா நம்ம எல்லாரையும் ஒரு நிமிஷம் அந்தக் கதவு முன்னாடி நிறுத்திட்டாங்க!" என்றாள். முதலாளி பார்த்தார். அவருக்கா தெரியாது எந்த நேரத்தில் எழ வேண்டுமென்று! மேடைக்கு ஓடி வந்து, "இவங்க என் சகோதரி. வலி இவங்களப் பேச வைக்குது. அந்தக் கோபத்தை நான் தலைவணங்கி ஏத்துக்கறேன்" என்றார். கண்ணீர் வந்தது, நிஜக் கண்ணீர்தான். இரண்டு பேர் வஸீலாவைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கொண்டுவந்தார்கள். முதலாளி அவள் நெற்றியில் முத்தமிட்டார். பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள். சிறப்புப் பேச்சாளருக்கான சான்றிதழைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். திரையில் லீலியாவின் ஆள் புது வரி ஒன்றைத் தட்டிப் போட்டான்: "இரண்டாம் பாடம்: ஊழியர் கடிதங்களை முறையாகப் பதிவு செய்க." தாஹர் என்ற பெயர் அதில் இல்லை.

சாப்பாட்டுக்கு மணி அடித்தது. மீன் வாசனை வந்ததும் மண்டபம் கலைந்துவிட்டது. போகிற வழியில் நாலு பேர் வஸீலாவின் தோளைத் தட்டி, "அருமை, அருமை" என்றார்கள். அடுத்த மாதம் எங்கள் நிறுவனத்துக்கு வந்து இதையே செய்து காட்டுவீர்களா என்று ஒருவர் கேட்டார். சங்கிலியோடு.

காலியான மண்டபத்தில் கடைசி வரிசையில் மன்னூபியா மட்டும் உட்கார்ந்திருந்தாள். வஸீலா போய் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்கார மனசு வரவில்லை. ஹம்தி வந்து கீழே கிடந்த பேனரைத் தூக்கி, தூசி தட்டி, பழைய இடத்திலேயே நிறுத்தத் தொடங்கினான்.

"முத்திரை உன் டிராயர்லதான் இருந்துச்சா?" என்று கேட்டாள் மன்னூபியா.

"ஆமா."

"ஆஸ்பத்திரியில கேட்டப்போ உனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"என் மக கல்யாணத்துல வந்து என் தோள்ல சாஞ்சு அழுதியே. அப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா." வஸீலா அழுதாள். மன்னூபியா அவளைத் தொடவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வஸீலாவின் மடியிலிருந்த சான்றிதழை எடுத்து விரித்தாள். மன்னூபியாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கீழே நீல மையில் வட்டமாக விழுந்திருந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"முத்திரை."

"பக்கத்துல?"

"நம்பர். இருநூத்திப் பதினாலு."

"நீ ரெண்டு மணி நேரம் உட்கார்ந்ததுக்கு நம்பர் போட்டிருக்கானுங்க" என்றாள் மன்னூபியா. தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதை வஸீலாவின் மடியில் வைத்தாள்.

"உன்னை நான் மன்னிக்கல. அதை மனசுல வச்சுக்க. இப்ப எழுது. அன்னிக்கு அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாம எழுது. இது நம்பர் விழுந்த தாளு. இதைக் காகிதம் இல்லேன்னு எவன் சொல்றான்னு பார்க்கறேன்."

அந்த முத்திரையால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று வஸீலாவுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் முத்திரை குத்தியவளுக்குத் தெரியாதா? அவள் அதைச் சொல்லவில்லை. பேனாவை எடுத்தாள். பேனர் நின்றுவிட்டது, கதவு மறைந்துவிட்டது. ஹம்தி போகாமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுதினாள்: "முதலாளி அவர்களுக்கு, காவலாளி தாஹர் எழுதிக்கொள்வது. பின்வாசல் சாவி என்னிடம் இல்லை. அந்த வாசலில் நிற்பவன் நான். சாவி என்னிடம் இருக்க வேண்டும்."